இரண்டாம் கார்னெட்

எங்கள் கடற்கரை ஊரில் திருவிழா நெருங்கிவிட்டதை அறிய நாட்காட்டியைப் புரட்ட வேண்டியதில்லை. அந்தி சாயும் வேளையில் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் பாண்டு வாத்தியக் குழுவினர் பயிற்சியைத் தொடங்கிவிட்டால் போதும்; தெருவிலுள்ள சிறுவர் அனைவருக்கும் செய்தி எட்டிவிடும். அக்குழுவில் நெடுங்காலம் முதல் கார்னெட் ஊதியவர் என் தந்தையார். பகலில் உப்பளத்தில் கணக்கெழுதுவார். மாலையில் கார்னெட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு புறப்படுவார்.

கார்னெட் என்பது ட்ரம்பெட்டின் நெருங்கிய உறவு. சற்றுக் குட்டையாய்ச் சுருண்டிருக்கும்; ஒலியில் மென்மை கூடுதல். அதன் பித்தளைக் குழலை நிமிர்த்தினால் ஏறத்தாழ நாலரை அடி நீளம் வரும். மூன்றே வால்வுகள். நடு வால்வை அழுத்தினால் சுரம் அரைப்படி இறங்கும். முதல் வால்வு ஒரு படி இறக்கும். மூன்றாவது ஒன்றரைப் படி இறக்கும். மற்ற யாவும் உதட்டின் இறுக்கமும் மூச்சின் அளவும் செய்யும் வேலை. இதைத் தந்தையார் எனக்குக் கற்றுத் தந்தபோது எனக்குப் பத்து வயது, ஆண்டு 1979. ஓராண்டிற்குள் குழுவில் இரண்டாம் கார்னெட்டாக அவருக்கு இடப்பக்கம் நின்றேன்.

பவனியில் எங்கள் குழு வழக்கமாக வாசிக்கும் மெட்டு ஒன்று உண்டு. அது கேள்வியும் விடையுமாக அமைந்தது. முதல் கார்னெட் நான்கு பார் ஊதி நிறுத்தும். அடுத்த நான்கு பாருக்கு இரண்டாம் கார்னெட் விடை சொல்லும். பிறகு இரண்டும் சேரும். பதினாறு தட்டுகள் முழுவதும் தெருவே என்னைக் கேட்கும் என்ற பெருமிதம் எனக்கு. தந்தையாரோ பாராட்டமாட்டார். "இரண்டாவது என்றால் முதலாவதற்குக் கீழே நிற்க வேண்டும், ஐயா. நீ முண்டியடிக்கிறாய்" என்பதே அவர் எனக்கு அடிக்கடி சொன்ன சொல்.

1985 ஆம் ஆண்டு நான் இளங்குருமடத்தில் சேர்ந்தேன். குழுவில் என் இடத்திற்கு வேறொரு பையன் வந்தான். கார்னெட்டை நான் மறந்துவிடவில்லை. எனினும் படிப்பும் ஒழுங்குகளும் நாள்களை எடுத்துக்கொண்டன. 1994 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, ஒருநாள் மாலை தந்தையார் என் பழைய கார்னெட்டையும் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, "ஒரு தடவை சேர்ந்து ஊதுவோமா?" என்று கேட்டார். மறுநாள் அனுப்ப வேண்டிய கட்டுரை ஒன்று அரைகுறையாய்க் கிடந்தது. "அடுத்த விடுமுறையில் ஊதுவோம், அப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கார்னெட்டுகளையும் பெட்டியில் வைத்து மூடினார்.

பித்தளை வாத்தியம் ஊதுபவருக்கு முன்பற்கள் மிக முக்கியம். உதட்டிற்குப் பின்னே அவை தாங்கி நின்றால்தான் ஊதுவாய் நிலைக்கும். 1996 இல் தந்தையாரின் முன்பற்கள் விழுந்தன. அத்துடன் அவர் ஊதுவதும் நின்றது. இடையில் வந்த விடுமுறையில் நான் வேறொரு பணிக்குச் சென்றிருந்தேன். 2003 இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத்தின்போது குழுவினர் அந்த மெட்டை வாசித்தனர். நான் பீடத்தருகே நின்றேன். என் கையில் இருந்தது செபப் புத்தகம்.

கடந்த ஆண்டு மே மாதம் எனக்குப் பத்து நாள் விடுமுறை கிடைத்தது. எண்பத்தைந்து வயதான அம்மாவோடு இருக்கலாம் என்று ஊருக்குப் போனேன். என் தங்கையின் மகனும் வந்திருந்தான். கணினித் தொழில் செய்பவன். பரணைச் சுத்தம் செய்தபோது அவனுக்கு ஒரு கேசட் கிடைத்தது. அட்டையில் தந்தையாரின் கையெழுத்தில் "பவனி மெட்டு, 1994" என்று மட்டும் எழுதியிருந்தது. மைத்துனர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரில் அதே ஆண்டு பதிவு செய்தது அது. அப்படியொரு பதிவு இருப்பதே எனக்குத் தெரியாது.

மருமகன் அதைக் கணினியில் ஏற்றி, இரைச்சலைக் குறைத்துத் துப்புரவாக்கி, என்னிடம் கேட்கத் தந்தான். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த ஊதலைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்டதை இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை. சற்றுத் தேறியபின், "மாமா, நீங்களும் ஊதுவீர்களே! தாத்தாவின் ஊதல்மேல் மற்ற வாத்தியங்களையும் நீங்களே ஊதிச் சேர்த்தால் என்ன? ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்யலாம். வீட்டிலேயே முடியும்" என்றான்.

ஒரே மனிதர் பல வாத்தியங்களை அடுக்கிப் பதிவு செய்வது புதிதன்று. அமெரிக்க ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே 1941 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கில் ஒரே பாட்டிற்கு ஆறு வாத்தியங்களைத் தாமே வாசித்து, ஓர் இசைத்தட்டின் ஒலியை மற்றொன்றிற்கு மாற்றி மாற்றிப் பதிந்தார். 1948 இல் வெளிவந்த பதிவொன்றில் கிதார் கலைஞர் லெஸ் பால் தம் வீட்டுக் கார்க்கொட்டகையில் எட்டுக் கிதார் பகுதிகளை அவ்வாறே அடுக்கினார். ஏழாவது அடுக்கில் தவறினால் பழைய தட்டிற்குத் திரும்பி மறுபடி செய்ய வேண்டிய காலம் அது. 1957 இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத் தனித்தனித் தடங்கள் கொண்ட நாடாக் கருவியை அவருக்குச் செய்து தந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. 1979 இல் சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்கள் பதியும் சிறு கருவியை டீயக் நிறுவனம் வெளியிட்டது; அடுக்கிப் பதியும் வித்தை வீடுகளுக்குள் வந்தது. இன்றோ ஆடாசிட்டி போன்ற மென்பொருளைக் காசின்றியே பெறலாம்.

மறைந்த தந்தையோடு பிள்ளை சேர்ந்து இசைத்ததற்கும் முன்மாதிரி உண்டு. பாடகர் நாட் கிங் கோல் 1965 இல் இறந்தபோது அவர் மகள் நடாலிக்குப் பதினைந்து வயது. அவள் வளர்ந்து தானும் பாடகியாகி, தந்தை 1961 இல் பதிந்த 'அன்ஃபர்கெட்டபிள்' என்னும் பாட்டோடு தன் குரலை இணைத்து 1991 இல் வெளியிட்டாள். உலகம் அதை விரும்பிக் கேட்டது. இதை மருமகனிடம் சொன்னபோது, "பிறகென்ன, மாமா? தொடங்குங்கள்" என்றான். பங்குக் குழுவிடமிருந்து யூபோனியம் ஒன்றை இரவல் வாங்கினோம். என் பழைய கார்னெட்டின் வால்வுகள் இறுகியிருந்தன. இரண்டு நாள் எண்ணெயிட்டபின் இளகின.

முதல் நாள் முயற்சி முற்றும் தோல்வி. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தந்தையாரைத் தொடர்ந்து ஊதப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மெட்டு. ஆனால் நுழைய இடமில்லை. ஒரு வரி முடிந்தவுடன் அவர் அடுத்த வரியைத் தொடங்கிவிடுகிறார். நான் விடை சொல்ல வேண்டிய நான்கு பார் எங்கே? முதுமையில் மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "அப்படி இல்லையே, ஐயா. அவர் நடுவில நிறுத்தினார். பட்டனை அமுக்கினது நான்தான். அவர் நிறுத்தினதும் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சு அணைக்கப்போனேன். வாயில வச்ச கார்னெட்டை எடுக்காம, கண்ணாலேயே 'வேண்டாம்'னு காட்டினார். மூணு தடவை அப்படி நிறுத்தினார்."

மருமகனைப் பார்த்தேன். அவன் முகம் வாடிவிட்டது. "நாடா பழுதாகிவிட்டது என்று நினைத்து, ஒலியில்லாத இடங்களை வெட்டிவிட்டேன், மாமா" என்றான். நல்லவேளையாக, வெட்டாத மூலப்பதிவையும் அவன் வைத்திருந்தான். அதைப் போட்டுக் கேட்டோம். தந்தையார் நான்கு பார் ஊதுகிறார்; நிற்கிறார். சிமெந்துத் தரையில் அவருடைய செருப்பு மெல்லத் தட்டுவது கேட்கிறது. எண்ணினேன்: பதினாறு தட்டு. பிறகு ஒரு மூச்சு, மறுபடியும் ஊதல். மூன்று இடங்களிலும் அதே பதினாறு.

அந்த இடைவெளிகள் எனக்காகவே விடப்பட்டவை என்று அடித்துச் சொல்ல நான் துணியேன். குழுவில் வாசிப்பவர் வீட்டில் தனியே பயிலும்போது, பிறருடைய பகுதியை மனத்துள் எண்ணிக் காத்திருப்பது வழக்கமே. ஆயினும் அது இரண்டாம் கார்னெட்டின் இடம். அதே கோடையில் நான் மறுத்த இடம். அன்று மாலை நான் மேற்கொண்டு எதுவும் ஊதவில்லை.

மறுநாள் வேறொரு சிக்கல். என் கார்னெட்டின் சுருதி தந்தையாருடையதோடு சேரவில்லை. சுருதித் துண்டை எவ்வளவு உள்ளே தள்ளியும் அவர் சற்று மேலேயே இருந்தார். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும் என்பது விதி. பதிவு செய்த கருவி சற்று மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி ஏறிவிடும். குற்றம் கருவியினுடையதா, எங்கள் காதினுடையதா என்பதை எப்படி அறிவது?

இங்கே எதிர்பாராத உதவி ஒன்று கிட்டியது. பதிவின் இறுதியில், தொலைவில், மாலை மூவேளைச் செப மணி ஒலிக்கிறது. அதே மணி இன்றும் எங்கள் கோயில் கோபுரத்தில் தொங்குகிறது, வார்ப்பு மாறவில்லை. மருமகன் அன்று மாலை மணியோசையைப் பதிந்து வந்து கேசட்டின் மணியோடு ஒப்பிட்டான். கேசட்டின் மணி ஏறத்தாழக் கால் சுரம் மேலே இருந்தது. ஓட்ட வேகத்தை நூற்றுக்கு மூன்று அளவு குறைத்ததும் இரண்டு மணிகளும் ஒன்றாயின. தந்தையாரின் கார்னெட்டும் தன் சுருதிக்கு இறங்கிவந்து என்னோடு நின்றது.

இதனால் ஊக்கம் பெற்ற மருமகன், "தாளத்தையும் சீர்செய்துவிடலாம், மாமா. தாத்தா ஒரே வேகத்தில் ஊதவில்லை, நடுவில் இழுக்கிறார். கணினி ஒவ்வொரு தட்டையும் சம தூரத்தில் நிறுத்திவிடும், பிறகு உங்களுக்குச் சேர்ந்து ஊதுவது எளிது" என்றான். செய்துபார் என்றேன். செய்தான். தட்டுகள் ராணுவ அணிவகுப்புப் போல நேராயின. கேட்டால், ஊதுகிறவர் என் தந்தையாராக இல்லை.

ஏன் என்று விளங்க இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. மெட்டின் மூன்றாம் பகுதியில் அவர் வேகம் தணிகிறார். பவனியில் அந்தப் பகுதி வரும்போது சப்பரம் பெரும்பாலும் கீழத்தெரு முனையை அடைந்திருக்கும். தெரு குறுகலானது, தூக்குவோர் தோள் மாற்றி, மெல்லத் திருப்ப வேண்டும். முன்னே செல்லும் வாத்தியம் விரைந்தால் சப்பரம் தள்ளாடும். அதனால் குழு அங்கே தணிந்து, திரும்பியபின் மீண்டும் நடையைக் கூட்டும். பல ஆண்டுப் பவனிகளில் பழகிய அந்தத் திருப்பத்தைத் தந்தையார் வீட்டு நாற்காலியில் அமர்ந்திருந்தபோதும் ஊதியிருக்கிறார். கணினி பிழையெனக் கண்டது எங்கள் தெருவின் வளைவை.

கருவி செய்த பிழையைத் திருத்தினோம், அது நியாயம். மனிதரின் நடையைத் திருத்துவது வேறு. மருமகனும் இதை ஒப்புக்கொண்டான். சீர்செய்த பிரதியை அவனே அழித்தான்.

ஆனால் தாளக்கருவி இல்லாமல், வேகம் மாறுகிற ஒருவரோடு எப்படிச் சேர்வது? அவருடைய மூச்சே வழிகாட்டிற்று. ஒவ்வொரு வரிக்கும் முன்னே அவர் மூச்சிழுப்பது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. நீண்ட மூச்சென்றால் அடுத்த வரி நிதானம். வெடுக்கென்ற மூச்சென்றால் விரைவு. அவர் இழுக்கும்போது நானும் இழுத்தேன். இரண்டு நாள் வாத்தியத்தைத் தொடாமலே மூச்சை மட்டும் பழகினேன். அம்மா எட்டிப் பார்த்து, "உடம்புக்கு முடியலையா, ஐயா?" என்று கேட்டதும் உண்டு.

பின்னர் அடுக்கத் தொடங்கினோம். முதலில் யூபோனியத்தில் கீழ்ச்சுரப் பகுதி. அதன் குழல் நீளம் ஏறத்தாழ ஒன்பது அடி. கார்னெட்டிற்கு இரு மடங்காதலால் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். விரல் முறை மட்டும் ஒன்றே. ஊதுவாய் பெரிது, ஆகவே உதட்டைப் புதிதாய்ப் பழக்க வேண்டியிருந்தது. அடுத்த நாள் அதே வாத்தியத்தில் நடுப் பகுதி. டிராம்போனும் சேர்க்கலாம் என ஆசைப்பட்டேன். ஒரு மணி நேரம் இழுத்துப் பார்த்ததில் நாய்கள்தாம் பதில் கொடுத்தன. கைவிட்டேன்.

வீட்டில் இப்படிச் செய்ய விரும்புவோர்க்குச் சில அனுபவக் குறிப்புகள் பயன்படலாம். கணினி ஒலியை வாங்கிப் பதிவதில் இம்மியளவு தாமதம் உண்டு. ஹெட்ஃபோனை மைக்கருகே பிடித்து, பதிவிலுள்ள ஒரு கைத்தட்டைத் திரும்பப் பதிந்து அந்தத் தாமதத்தை அளந்துகொண்டால், ஒவ்வோர் அடுக்கையும் அந்த அளவு முன்னே நகர்த்திவிடலாம். ஹெட்ஃபோனின் ஒரு செவியை விலக்கி வைத்தால்தான் நம் சொந்தச் சுருதி நமக்குத் தெரியும். மைக்கை வாத்தியத்தின் வாய்க்கு நேரே வைக்காமல், மூன்று நான்கு அடி தள்ளிச் சற்று ஓரமாக வைத்தால் ஒலி கீறாது. ஒவ்வோர் அடுக்கிற்கும் அறையில் நாம் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்; இல்லையேல் ஒரே மனிதர் தம் தோள்மீது தாமே ஏறி நிற்பதுபோல் ஒலிக்கும். வெப்பக் காற்றில் ஒலி விரைவதால் உச்சி வெயிலில் சுருதி மேலேறும். காலையில் பதிந்ததன்மேல் நண்பகலில் பதிந்தால் சேராது. ஆகவே நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு, விசிறியை நிறுத்தி, சன்னல்களில் போர்வை கட்டிப் பதிந்தோம்.

இந்தப் பயிற்சியில் என் மனத்தை அழுத்திய உண்மை ஒன்றுண்டு. அடுக்கிப் பதிவதில் பின்னே வருபவர் முன்னே ஊதியவரைக் கேட்கிறார். முன்னே ஊதியவர் பின்னவரைக் கேட்பதேயில்லை. நான் விரைந்தால் தந்தையார் தணியமாட்டார். நான் தடுமாறினால் காத்திருக்கமாட்டார். வேப்பமரத்தடியில் நான் தடுமாறியபோதெல்லாம் அவர் கண்ணோரம் பார்த்து நடையைச் சற்றுத் தளர்த்துவார். அது இனி இல்லை. இசைந்துபோகும் கடமை முழுவதும் இப்போது என்னுடையது. 1994 இல் நான் அந்தக் கட்டுரையை ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்திருந்தால், இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டிருப்போம்.

எட்டாம் நாள் விடியலில் இரண்டாம் கார்னெட்டைப் பதிந்தேன். தந்தையார் முதல் வரியை முடித்தார். செருப்பின் தட்டுக் கேட்டது. ஊதினேன். பதினாறு தட்டு முடிந்து, அவர் மூச்சிழுத்து, இருவரும் சேரும் இடம் வந்தபோது உதடு நடுங்கிச் சுரம் உடைந்தது. மறுபடி செய்தோம். நான்காம் முறையில் அமைந்தது.

நான்கு அடுக்குகளையும் சேர்த்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்தபின் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் நல்லா இருக்கு, ஐயா. ஆனா சேர்ந்து ஊதுற இடத்துல ரெண்டாவது கொஞ்சம் கூடிப்போச்சு. உங்க அப்பா இருந்தா ஏசுவார்" என்றார்.

மருமகன் சிரித்தான், நானும் சிரித்தேன். கேட்டுப் பார்த்தால் அம்மா சொன்னதே சரி. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நான் முண்டியடித்துக்கொண்டுதான் இருந்தேன். என் அடுக்கின் ஒலியைக் குறைத்தோம். முதல் கார்னெட் முன்னே வந்தது. நான் அதன் கீழே நின்றேன். மெட்டு நிறைவாய் அமைந்தது.

தந்தையாரின் தனிப்பதிவை எதுவும் சேர்க்காமல், வெட்டாமல், அந்தப் பதினாறு தட்டுகளின் அமைதியோடு தனியே பாதுகாத்து வைத்திருக்கிறோம். சேர்த்து அமைத்தது வேறு பிரதி. பழைய கேசட்டுகள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன்: எதைத் துப்புரவாக்கினாலும் மூலத்தை அழிக்க வேண்டாம். இன்று பழுதென்று தோன்றுவது நாளை எவருடைய இடமாகவும் இருக்கலாம்.

பெரியவர்கள் இன்னும் உடனிருக்கும் இல்லங்களுக்கு மென்பொருளும் மைக்கும் அவசரமில்லை. அவர்கள் கேட்கும் ஒரு மணி நேரத்தை அன்றே கொடுத்துவிடலாம். விடுமுறை முடிந்து புறப்படும்போது என் கார்னெட்டை உடன் எடுத்துவந்தேன். வால்வுகள் மறுபடி இறுகாதபடி, வாரம் இருமுறை ஊதிவருகிறேன்.